பாக்கி

கொழிஞ்சாம்பாறைப் பஞ்சாயத்து ஆபீசில்
மின்விசிறி அணைந்தே கிடக்கிறது.
கணவாய்க் காற்றே போதும்.
ஒவ்வொரு காகிதக் கட்டின் மேலும்
ஒரு கருங்கல்.

"கல்யாணத்துக்கு முன்னாடி நிலை?"
ஷைலஜா மேடம் நிமிராமல் கேட்டார்.
"கன்னியா, விதவையா, விவாகரத்தா?"
மூன்று பெற்ற வயிறு.
கன்னி என்றேன்.
அவர் ஓட்டுக்கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

முப்பத்தொரு வருஷம்.
பள்ளிவாசலில் ஓதி, ஊர் கூடித் தின்று,
அண்டா கழுவி முடிக்க மறுநாள் லுஹர் ஆனது.
அல்லாவுக்குத் தெரியும்.
பென்ஷன் ஆபீசுக்குத் தெரியாது.

சித்தூர் டிப்போ கண்டக்டர் உதுமான்
மார்ச்சோடு தோல்பையை இறக்கி வைத்தார்.
அவருக்குப் பிறகு எனக்குப் பாதி வர
நான் அவருக்கு இன்னார் என்று ஒரு சீட்டு வேண்டுமாம்.
அவர் போவார், நான் இருப்பேன் என்பதில் மட்டும்
சர்க்காருக்குச் சந்தேகமே இல்லை.

சாட்சிக்கு வந்த கொப்பரை சுலைமான்
அன்றைக்குச் சோற்றுப் பந்தியைத்தான் பார்த்தவர்.
லெப்பை ஜமாஅத் தப்தரைக் கொண்டுவந்தார்,
பச்சைத் துணியில் சுற்றி.
நான் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.
மை கசிந்திருந்தது, எழுத்து சாகவில்லை.
சபுரா என்ற பெயருக்கு நேரே
அத்தாவின் கையெழுத்து,
வேலந்தாவளம் சந்தையில்
மாட்டுச் சீட்டுக்குப் போடும் அதே கையெழுத்து.
மஹர் இரண்டு பவுன்.
பக்கத்தில் பொடி எழுத்தில்:
பாக்கி.

"ரெண்டு மணிக்கு வந்து ஒப்பிடுங்க" என்று
மேடம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார்.

ஆக, முக்கால் மணி நேரம்
கணக்குப்படி நான் யாருக்கும் ஒன்றுமில்லை.
எதிர்க்கடையில் புரோட்டா சொன்னோம்.
பெண் பார்க்க வந்தவள் மாதிரி அவரைப் பார்த்தேன்.
காதோரம் சாயம் விட்டுப்போன நரை.
இப்போதும் விரலிடுக்கில்
நோட்டை நீளவாக்கில் மடித்துச் செருகும் பழக்கம்.
என் வளையலை அடகு வைத்துவிட்டு
மூன்றாம் மாதம் சொன்னவர்.
இரண்டாவது பிரசவத்தில்
ஐம்பது பயணிகளோடு பஸ்ஸை
ஆஸ்பத்திரி வாசலுக்குத் திருப்பச் சொன்னவரும் இவர்தான்.
மெமோ வாங்கினார்.
அதை இன்னும் வைத்திருக்கிறார், பீரோவில்.

சரி, கட்டிக்கலாம் என்று தோன்றியது.
ஆனாலும் கேட்டேன்:
"பாக்கி எப்போ?"

பிய்த்த புரோட்டா கையிலேயே நின்றது.
டிக்கெட்டின் முதுகில்
சில்லறை பாக்கி எழுதித் தந்தே
வேலை பார்த்த மனுஷன்.
கேட்டவர்களுக்கு ஒரு காசு குறைத்ததில்லை.
கேட்க மறந்து
இறங்கிப் போனவர்கள் எத்தனை பேர்,
அவரும் சொன்னதில்லை.

"அப்போ பவுன் மூவாயிரத்துச் சொச்சம்" என்றார்.
"அப்போ கொடுத்திருக்கலாம்."
எதிரே நகைக்கடைப் பலகையில்
இன்றைய விலை எழுதியிருந்தது.
பார்த்தார். வாய்விட்டுப் படிக்கவில்லை.

இரண்டு மணிக்கு
என் பெயரை நானே எழுதினேன்,
மெதுவாக, ஒவ்வொரு சுழியும் மூடி.
கோடு தாண்டிப் போயிற்று.
"மஹர் எழுத இதில் இடம் உண்டா?"
"அதொந்நும் இதிலில்லா" என்றார் மேடம்,
கல்லை எடுத்து எங்கள் மேல் வைத்தபடி.

வெளியே காற்று முந்தானையைப் பிடுங்கியது.
அவர் ஃபீஸ் ரசீதைத் திருப்பினார்,
பைக்குள் தடவிப் பேனா எடுத்தார்.
2 பவுன்.
கீழே ஒப்பு.
நீளவாக்கில் மடித்து நீட்டினார்.

பிரித்துப் பார்த்தேன்.
தேதி இல்லை.

போடச் சொன்னேன்.